சொன்னவர் பெயர்

நான் இத்தாலியன் வாசிக்கப் பழகியது பள்ளிக்கூடத்தில் இல்லை, பழைய நோயாளிகளின் பதிவுக் கொப்பியில். வணக்கம், நன்றி, இது என்ன விலை என்பதெல்லாம் சந்தையில் தானாக வந்து நாக்கில் ஒட்டிக்கொண்டவை. ஒரு முழு வரியை எழுத்துக் கூட்டி வாசித்து, இதுதான் அர்த்தம் என்று எனக்கு முதலில் பிடிபட்டது இதுதான்: மூன்றாம் மாடி, இடப்பக்கக் கதவு, பெண், நான்கு வயது, தொண்டை அடைப்பான், அப்புறப்படுத்தப்பட்டது. கடைசிச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நான் வேலை பார்த்த வீட்டுக் கிழவியிடம், சினோராவிடம், கேட்டேன். "குப்பையை நீ என்ன செய்வாய்? அதுதான்" என்றார்.

சினோராவுக்கு அப்போது தொண்ணூற்று நான்கு வயது. பலெர்மோவில் பணக்காரர் குடியிருக்கிற லிபெர்த்தாத் தெருவில் நான்காம் மாடி வீடு. கணவர் எப்போதோ போய்விட்டார், பிள்ளையில்லை, வழக்கறிஞராக இருக்கும் அண்ணன் மகன் மட்டும் ஞாயிறுகளில் வந்து கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டுப் போவார். கண் மங்கிவிட்டது. காதும் வாயும் மட்டும் தீட்டின கத்தி. அவருடைய அப்பா, இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட வருடங்களில், இந்த நகரத்தில் தொற்றுநோய்களைத் தேடிப் பதிகிற பரிசோதகராக வேலை பார்த்தவர். அலுவலகத்துக்குக் கொடுத்த அறிக்கைகள் வேறு, தனக்கென்று வீட்டில் எழுதி வைத்த கொப்பிகள் வேறு. கறுத்த மட்டை போட்ட அந்தக் கொப்பிகள் அலுமாரி நிறையக் கிடந்தன. மத்தியானச் சாப்பாடு முடிந்து கோப்பி குடித்த பிறகு அதில் ஒன்றை எடுத்து நான் வாசிக்க வேண்டும். மற்ற வீட்டுக் கிழவிகள் செபமாலை உருட்டுவார்கள். என் கிழவிக்கு இதுதான் செபமாலை.

ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டுக் கட்டம் பிரித்திருந்தது. தெரு, மாடி, பெயர், வயது, வருத்தம், எடுத்த நடவடிக்கை. ஆறு கட்டமும் அலுவலக அறிக்கையிலும் இருக்குமாம். ஏழாவது கட்டம் அப்பாவின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சினோரா பெருமையாகச் சொல்வார். அதன் தலைப்பு, யார் சொன்னது.

அந்தக் காலத்தில் வைத்தியர்மார் அறிவிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குள் ஒரு தெருவே படுத்துவிடுமாம். வீட்டுக்காரர் மூச்சு விடமாட்டார்கள். ஏன் விடுவார்கள்? தெரிந்தால் கதவில் தாள் ஒட்டுவார்கள், மெத்தையைத் தூக்கிக்கொண்டு போய் எரிப்பார்கள், சுவர் முழுக்க மருந்து அடிப்பார்கள், பிள்ளையை மூடின வண்டியில் ஏற்றி நகரத்துக்கு வெளியே கொண்டுபோவார்கள். தாய் வண்டிக்குப் பின்னால் ஓடுவாளாம். "கொஞ்சத் தூரம்தான் ஓடுவார்கள்" என்று சினோரா சொல்வார், ஓட்டப் போட்டி பார்த்தவர் போல. ஆகவே அப்பா ஆட்களைப் பிடித்து வைத்திருந்தார். வாசல்காரர், உடுப்புத் தோய்க்கிற பெண்கள், பால்காரன், வீட்டு வேலைக்காரிகள். யார் வீட்டில் இருமல், யார் வீட்டில் யன்னல் திறக்கவில்லை, எந்தப் பிள்ளை இரண்டு நாளாக முற்றத்துக்கு வரவில்லை என்று அவர்கள் கொண்டுவந்து சொல்வார்கள்.

எங்கள் விளையாட்டு இதுதான். நான் ஆறு கட்டங்களை வாசிப்பேன். ஏழாவதன் மேல் சினோரா மோதிரக் கையை வைத்து மறைத்துக்கொள்வார். கண் தெரியாவிட்டாலும் அந்தக் கட்டம் எங்கே இருக்கிறதென்று அவருடைய கைக்குத் தெரியும். "யார் சொன்னது?" என்று கேட்பார். நான் ஊகிக்க வேண்டும். ஒருமுறை தையல்காரி ஒருத்தியின் மகன், கடும் காய்ச்சல், அப்புறப்படுத்தப்பட்டான், பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை. தோய்க்கிறவள் என்றேன், இல்லை. வாசல்காரன் மனைவி என்றேன், இல்லை. கையை எடுத்துக் காட்டினார். தையல்காரியின் கூடப்பிறந்த தங்கை. ஒரே வீட்டில் இருந்தவள், அவளுக்கு யன்னல் வைத்த அறை தேவைப்பட்டதாம். சினோரா சிரித்த சிரிப்பில் பல்செட்டு ஆடியது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் வேலை போய்விடும் என்பதற்காக இல்லை, எனக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது.

அப்பாவிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட இன்னொரு பழக்கமும் உண்டு. வேலைக்கு வந்ததும் நாங்கள் இரண்டு கையையும் நீட்ட வேண்டும். பூதக்கண்ணாடியைப் பிடித்து ஒவ்வொரு நகமாகப் பார்ப்பார். "சுத்தம்" என்று சொன்ன பிறகுதான் குசினிக்குள் கால் வைக்கலாம். முதல் கிழமை எனக்கு அழுகை வந்தது. பிறகு பழகிவிட்டது. மனிதருக்கு எதுதான் பழகாது!

நாங்கள் என்றேன். அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். காலை மணித்தியாலங்கள் அவளுக்கு, பின்னேரம் எனக்கு. வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரே பழைய கட்டடத்தில் அவள் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. என்னைவிடப் பத்து வயது இளையவள், அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். உண்மையில் அந்த வேலை முழுநாளும் அவளுடையதாகத்தான் இருந்தது. என் புருசன் சுவிசுக்குப் போனவர் போனவராகவே நின்றுவிட, நான் ஒரு வேலையுமில்லாமல் திண்டாடியபோது, "அக்கா தனிய நிக்கிறா" என்று சினோராவிடம் கெஞ்சிப் பின்னேரத்தை எனக்குப் பிரித்துக் கொடுத்தவள் அவள்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் வாசிக்கிறவர்கள் என்னை மன்னிக்க ஏற்கெனவே தொடங்கியிருப்பார்கள்.

எனக்கு அந்த வருடம் இருந்தது ஒரே ஒரு கவலை. என் மகள். யாழ்ப்பாணத்தில் என் தங்கையுடன் இருந்தாள். ஐப்பசியில் அவளுக்குப் பதினெட்டு. அதற்கு முன் குடும்பத்தைச் சேர்க்கிற விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால், என் பிள்ளை என்று அவளை இத்தாலிக்குக் கூப்பிடலாம். ஒரு நாள் பிந்தினாலும் அவள் வளர்ந்தவள், கதவு சாத்தினது சாத்தினதுதான். விண்ணப்பத்துக்கு முழுநாள் வேலை ஒப்பந்தம் கேட்டார்கள். என் பின்னேரம் போதாது. பொலிதேயாமாப் பக்கத்தில் எத்தனையோ வீட்டு மணியை அடித்துப் பார்த்தேன். விசா பார்க்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவுக்கும் வழக்கறிஞர் வீட்டுக்கும் நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

கீழ்வீட்டுக்காரிக்கு அந்தக் கவலை இல்லை. அவளுடைய எட்டு வயதுப் பிள்ளை முந்தின வருடமே ஊரிலிருந்து வந்துவிட்டது. படிக்கட்டில் அது இத்தாலியனும் தமிழும் கலந்து கத்திக்கொண்டு ஓடும்போது எனக்கு வயிறு எரியும். பிள்ளையில் என்ன கோபம் என்று கேட்காதீர்கள். எரிந்தது, அவ்வளவுதான். அவளுக்கு இருந்த ஒரே பயம் ஆடியில் வரும் பெர்மெஸோ, இங்கே இருக்கிறதற்கான அனுமதி, அதன் புதுப்பிப்பு. புருசன் ஒரு உணவகத்தில் ஒப்பந்தமில்லாமல் கோப்பை கழுவினான். குடும்பத்துக்கே காட்டுவதற்கு இருந்தது சினோராவின் வீட்டு ஒப்பந்தம் ஒன்றுதான்.

வைகாசி மாதம், ஒரு விடியற்காலை என் கதவைத் தட்டினாள்.

"அக்கா, பிள்ளைக்கு அம்மாள் வந்திட்டா. முதுகெல்லாம் போட்டிருக்கு."

"கொப்பளிப்பானோ? வடிவாப் பாத்தனியோ?"

"ஓமக்கா. ஒருக்கா வேப்பிலை முறிச்சுத் தாறீங்களோ? எனக்குக் கை எட்டாது."

சந்தைக்கு அப்பால் சதுக்கத்து மூலையில் ஒரு மரம் நிற்கிறது. பலெர்மோத் தமிழர் எல்லோரும் அதை வேம்பு என்போம். அது வேம்பே இல்லை, மலைவேம்பு. ஊதாப் பூ பூக்கும், மஞ்சள் காய் தொங்கும், குளிர்காலத்தில் மொட்டையடித்துக்கொண்டு நிற்கும். வேம்பு எந்த ஊரில் மொட்டையாக நின்றது? இருந்தாலும் எங்களுக்கு அதுதான் வாய்த்தது. அம்மாளும் பரவாயில்லை என்று விட்டுவிட்டாள் போல. நான் உயரம். கொப்பை வளைத்து முறித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அவளுடைய கதவு நிலையில் கட்டினதும் நான்தான், அவள் கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த இலையைக் கண்டால் எங்கள் ஆட்கள் உள்ளே போகமாட்டார்கள். வாசலில் நின்று சுகம் கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். அந்த வீட்டில் மீன் இறைச்சி இல்லை, தாளிப்பு இல்லை, பொரிப்பு இல்லை. சினோராவின் அப்பா ஒட்டிய தாளும் உள்ளே வராதே என்றுதான் சொன்னது. எங்களில் வருத்தக்காரரின் வீட்டாரே கட்டிவிடுவார்கள், ஒருவரும் போய்ச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

"அக்கா, சினோராவிட்டை மட்டும் மூச்சு விட்டிடாதேங்கோ. தெரிஞ்சா என்னை நிப்பாட்டிப்போடுவா. ஆடியிலை நான் எதைக் காட்டுறது?"

"எனக்கென்ன விசரோ? நீ பிள்ளையைப் பார். அவரை வீட்டிலை நிக்கச் சொல்லிப்போட்டு நீ வேலைக்குப் போ."

போனாள். நான்கு நாள் ஒரு குழப்பமும் இல்லை. ஐந்தாம் நாள் பின்னேரம், கோப்பி முடிந்து நான் கொப்பியைத் திறக்க, சினோரா கையால் மறித்தார்.

"இன்று காலை அவளுடைய நகத்தைப் பார்த்தேன். மஞ்சள். பத்து விரலும் மஞ்சள். அவளுக்கு என்ன வருத்தம்?"

எனக்குத் தெரியும். பிள்ளையின் உடம்பில் பூச இலையும் மஞ்சளும் சேர்த்து அரைத்திருக்கிறாள். நான் சொல்லியிருக்கக்கூடியது மிகச் சுலபம். எங்கள் சமையலில் மஞ்சள் போடுவோம் சினோரா, என் நகத்தையும் பாருங்கள். அது பொய்கூட இல்லை. அந்த வசனத்துக்கு எனக்குத் தெரிந்த இத்தாலியன் தாராளமாகப் போதும். இன்றைக்கும் நடக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, அந்த வசனத்தை நான் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பதுண்டு. ஒரு பிழையும் இல்லாமல் வருகிறது.

அன்றைக்கு நான் சொன்னது வேறு. "அவளுக்கு ஒன்றுமில்லை, சினோரா. பிள்ளைக்குக் கொப்பளிப்பான். வீட்டுக் கதவில் இலை கட்டியிருக்கிறார்கள்."

வாய் தவறி வந்துவிட்டது என்று எனக்கு நானே நெடுநாள் சொல்லிக்கொண்டேன். பொய். வாய் தவறவில்லை. அந்த வசனம் வெளியே வருவதற்கு முன் என் கண்ணில் காலை மணித்தியாலங்கள் வரிசையாகத் தெரிந்தன. மகள் விமானத்திலிருந்து இறங்கி வருவதும் தெரிந்தது.

இன்னும் ஒன்று. சினோராவுக்கு இனிக் கொப்பளிப்பான் வராது. அவருடைய நெற்றியில் வலப்பக்கம் பருப்பளவு ஒரு குழி இருக்கிறது. ஏழு வயதில் வந்ததாம். தினமும் அதன் மேல் கிறீம் பூசுகிறவள் நான். எந்தக் கொப்பியில் உங்களுடைய வரி இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "மடைச்சி" என்றார், "அப்பா என்னை எழுதுவாரா? யன்னலைச் சாத்திவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்." ஆகவே யாருக்கும் ஆபத்தில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

சினோராவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்! பத்து வயது குறைந்தது போல நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீ அதே கட்டடத்தில்தானே இருக்கிறாய்?" என்று கேட்டார். எனக்குச் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது என்று முழங்கைத் தழும்பைக் காட்டினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், தடவிப் பார்த்தார், சரி என்றார். கீழ்வீட்டுக்காரிக்கும் தழும்பு இருந்தது, காதுக்குக் கீழே. அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு அப்பாவின் கடைசிக் கொப்பியை எடுக்கச் சொன்னார். அதில் பாதி வெற்றுத் தாள். பேனையை என் கையில் தந்து, அவர் சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்தார். தெரு. இரண்டாம் மாடி. பிள்ளையின் பெயர். எட்டு வயது. வருத்தம். நடவடிக்கை என்ற கட்டத்துக்கு, "தாய் நிறுத்தப்பட்டாள் என்று எழுது" என்றார். எழுதினேன். ஏழாவது கட்டத்தில் பேனை நின்றது.

"என்ன யோசிக்கிறாய்? அது இல்லாவிட்டால் வரி முடியாது. அப்பா ஒரு வரியையும் பாதியில் விட்டதில்லை."

என் பெயரை நானே எழுதினேன். நல்ல வடிவான எழுத்தில்.

அடுத்த நாள் காலையே என்னை வரச் சொன்னார்கள். அண்ணன் மகன் தொலைபேசியில் சினோராவுடன் எல்லாம் பேசி முடித்துவிட்டார், அவளுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அவளுடைய செருப்பு, ஏப்ரன், குடை, பிள்ளை கீறிக் கொடுத்துக் குசினிச் சுவரில் ஒட்டியிருந்த பூப்படம், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கீழே வாசல்காரனிடம் கொடுத்துவிட்டு மேலே வந்தேன். எட்டு மணிக்கு வாசல் மணி அடித்தது. கீழ்வாசலோடு பேசுகிற தொலைபேசியை நான்தான் எடுத்தேன்.

"அக்காவோ? நீங்கள் எப்பிடி இந்த நேரம் இஞ்சை? கதவைத் திறவுங்கோ."

"சினோரா வேண்டாமாம். சாமான் கீழை வாசல்காரனிட்டை இருக்கு."

"ஏன் அக்கா? என்னவாம்?"

"எனக்குத் தெரியாது."

"ஆர் சொன்னதாம்?"

"எனக்குத் தெரியாது பிள்ளை. பின்னேரம் வந்து கதைக்கிறன்."

அவள் உடனே போகவில்லை. தொலைபேசிக்குள் தெரு இரைச்சலும் அவளுடைய மூச்சும் கேட்டுக்கொண்டிருந்தன. சினோரா பின்னாலிருந்து, "போய்விட்டாளா?" என்றார். போய்விட்டாள் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஆனி மாதம் எனக்கு முழுநாள் ஒப்பந்தம் எழுதினார்கள். ஐப்பசிக்கு வெகு முன்னமே என் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அவளுக்கு ஆடியில் பெர்மெஸோ முடிந்தது. காட்ட ஒன்றுமில்லாமல் புதுப்பிப்பு இழுபட்டது. அங்குமிங்கும் படிக்கட்டுக் கழுவினாள். புரட்டாதியில் ஊரில் அவளுடைய தாய் செத்துப்போனா. கையில் பேப்பர் இல்லாமல் போனால் திரும்ப வர முடியாது, பிள்ளையையும் விட்டுப் போக முடியாது. செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில் பார்த்தாள். பாடையைத் தூக்கும்போது படம் நின்று நின்று வந்தது. தாயின் முகம் அசையாமல் அப்படியே திரையில் நிற்க, அவள் திரையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் இருந்து அவளுடைய தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். "அக்கா இல்லாட்டி இந்தப் பிள்ளை என்ன செய்யும்" என்று வந்தவர்கள் சொன்னார்கள். அவள் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை.

பங்குனியில் என் மகள் வந்தாள். விமான நிலையத்தில் அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள். என் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். ஒரு மாதம் நான் தரையில் நடக்கவில்லை. விடிய எழும்பி அவள் தூங்குவதைப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வுச்சீரியாவில் மீன் வாங்கி வந்து, கட்டடமே மணக்கப் பொரிப்பேன். கீழ்வீட்டுக்காரியின் பிள்ளை மேலே ஓடி வந்து ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போகும். அதற்கும் அள்ளிக் கொடுத்தேன். என் வயிறு இப்போது எரியவில்லைதானே.

வைகாசியில், இத்தாலியன் வகுப்புக்குப் போய்வந்த மகளுக்குக் காய்ச்சல். இரண்டாம் நாள் நெஞ்சில் கொப்பளம். வளர்ந்த பிள்ளைக்கு வந்தால் கடுமை என்பார்கள். முகம், தலை, வாய்க்குள்ளேயும் போட்டுவிட்டது. வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய் மருந்து எடுத்தேன். ஆனால் கதவில் இலை கட்டவில்லை. கட்டினால் கட்டடத்துத் தமிழர் எல்லோருக்கும் தெரியும், அவர்களில் பாதிப்பேர் லிபெர்த்தாவில் வேலை செய்கிறவர்கள். சினோராவின் காதுக்குப் போக எவ்வளவு நேரம்? ஒரு தழும்பும் என்னைக் காப்பாற்றாது. அந்த வரியை நானே எழுதியிருக்கிறேனே.

"அம்மா, இலை கட்டேல்லையே?" என்று மகள் கேட்டாள்.

"இஞ்சை உதெல்லாம் ஒருத்தரும் கட்டுறேல்லை. நீ பேசாமல் படு."

யன்னலைச் சாத்தினேன். கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன், திறப்பொன்றை அவளுடைய தலைமாட்டில் வைத்துவிட்டு. போகும் வழியெல்லாம், இதை முன்னொரு தகப்பன் இதே நகரத்தில் செய்திருக்கிறான் என்று நினைத்தேன். நினைத்து என்ன? நடந்துகொண்டுதானே இருந்தேன். வருத்தம் மாறித் தலைக்குத் தண்ணி வார்க்கிற அன்றைக்கு மஞ்சளும் இலையும் அரைக்க வேண்டுமே, நகம் காட்டிக்கொடுத்துவிடுமே என்று கடையில் ரப்பர்க் கையுறைகூட வாங்கி வைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

ஆனால் ஒரு மடைத்தனம் செய்துவிட்டேன். இலை கட்டாமல் அம்மாளை ஏமாற்றியவளுக்கு, வீட்டில் மீன் பொரிக்க மட்டும் பயம் வந்துவிட்டது. தாளிக்கவும் கை வரவில்லை. கஞ்சியும் அவித்த கிழங்கும்தான். எட்டு நாள் என் குசினியில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை.

ஒன்பதாம் நாள் வேலை முடிந்து படியேறி வர, இரண்டாம் மாடியில் கீழ்வீட்டுக்காரி கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"அக்கா, ஒரு கிழமைக்கு மேலை உங்கடை வீட்டிலை மீன் பொரிக்கிற மணமில்லை. கடுகு வெடிக்கிற சத்தமுமில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை."

"அதுக்கென்ன இப்ப? எனக்கு வயித்துக்குச் சரியில்லை."

"பிள்ளைக்கு இப்ப எப்பிடி?"

"காய்ச்சல்தான். வெறும் காய்ச்சல்."

"பொய் சொல்லாதேங்கோ. மத்தியானம் நான் மேலை போய்த் தட்டினனான். அவள்தான் கதவு திறந்தவள். முகமெல்லாம் போட்டிருக்கு, பாவம். எனக்கு ஏற்கெனவே வந்ததுதானே, உள்ளுக்குப் போய்க் கஞ்சி பருக்கிப்போட்டு வந்தனான்."

படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, சினோராவுக்குத் தெரிஞ்சா..." என்றேன்.

"பயப்பிடாதேங்கோ. நான் சினோராவிட்டைச் சொல்லமாட்டன். ஒருநாளும் சொல்லமாட்டன்." ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள். "பிள்ளையிட்டை மட்டும் சொல்லிப்போட்டன்."

"என்னத்தை?"

"நீங்கள் அவளை எப்பிடி இஞ்சை எடுத்தனீங்கள் எண்டு."

என் வாயில் வந்த கேள்வியைக் கேளுங்கள். "உனக்கு ஆர் சொன்னது?" என்றேன்.

"வாசல்காரன். உங்கடை சினோரா எல்லாருக்கும் அந்தக் கொப்பியைக் காட்டுறாவாம், எவ்வளவு வடிவா எழுதியிருக்கிறாள் பார் எண்டு. போன ஆவணியிலையே சொன்னவன்."

ஆவணி. அடுத்த மாதம்தான் அவளுடைய தாய் செத்தது.

"ஓம் அக்கா" என்றாள், நான் கணக்குப் பார்ப்பதைக் கண்டு. "நீங்கள் என்ரை தலையைத் தடவேக்கை எனக்குத் தெரியும்."

அவள் சத்தம் போடவில்லை, திட்டவில்லை. நாசமாய்ப் போவாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். கதவை மெல்லச் சாத்தினாள். அந்தக் கதவு நிலையில் போன வருடம் நான் கட்டின நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

மேலே மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். காய்ந்துகொண்டிருந்த கொப்பளங்கள் கழுத்தில் கறுத்துத் தெரிந்தன.

"அந்த அன்ரி சொன்னது உண்மையோ அம்மா?"

"அவளுக்கு என்னிலை எரிச்சல்..."

"உங்கடை பேரை நீங்களே எழுதினனீங்களாம்."

நான் கட்டிலில் இருந்தேன். "எல்லாம் உனக்காகத்தான் செய்தனான், என்ரை குஞ்சு. பதினெட்டு முடிஞ்சிருந்தா உன்னைப் பிறகு எப்பிடி எடுக்கிறது?"

"நான் கேட்டனானே?" என்றாள். அவ்வளவுதான். பிறகு அவள் திரும்பவே இல்லை.

தண்ணி வார்க்கிற நாள் வந்தது. விடியவே பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிப் பல்கனி வெயிலில் வைத்தேன். சதுக்கத்துக்குப் போய், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று, இலை முறித்துக்கொண்டு வந்தேன். கையுறையையும் மஞ்சளையும் எடுத்து வைத்தேன். வருத்தம் மாறி முதல் தண்ணியைத் தாய்தான் வார்ப்பாள். எனக்கு என் அம்மா வார்த்தா. இவளுக்குச் செய்ய வேண்டியது எத்தனையோ போய்விட்டது, பெரியபிள்ளையானதுகூடத் தங்கையின் வீட்டில், நான் போனில் பார்த்தது. இதையாவது செய்வேன் என்றிருந்தேன்.

மகள் எழும்பினாள். துவாயையும் மாற்று உடுப்பையும் எடுத்துத் தோளில் போட்டாள். பல்கனியில் பாத்திரம் இருந்ததை அவள் கண்டாள், காணாமல் இல்லை. கதவைத் திறந்துகொண்டு படியிறங்கிப் போனாள். இரண்டாம் மாடிக் கதவு திறந்த சத்தம் கேட்டது. "வா பிள்ளை, தண்ணி நல்ல பதமாயிருக்கு" என்று கீழ்வீட்டுக்காரியின் குரல் கேட்டது. அவள் முன்னமே அரைத்து வைத்திருந்திருக்கிறாள், மஞ்சள் மணம் படிக்கட்டால் மேலே வந்தது. நான் கதவடியில் நின்று, தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன். நடுவில் மகள் சிரித்தாள். என் வீட்டில் அவள் சிரித்து இரண்டு கிழமை ஆகியிருந்தது.

எட்டு மணிக்கு நான் லிபெர்த்தாவில் நின்றேன். பிந்தவில்லை. சினோராவின் முன்னால் இரண்டு கையையும் நீட்டினேன். அவர் பூதக்கண்ணாடியைக் கிட்டப் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் திருப்பித் திருப்பி, வழக்கத்தைவிட நெடுநேரம் பார்த்தார். ஒரு துளி மஞ்சள் இல்லை.

"சுத்தம்" என்றார்.